கொலுசு மாடல் யாருக்குச் சொந்தம்?

வாசகர் கேள்வி, 20 அக்டோபர் 2024

அரசே வேண்டாம் என்பவர்களும், சந்தையை அதன் போக்கில் விடுங்கள் என்பவர்களும் படைப்பாற்றலைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். எனக்கு ஒரே சந்தேகம். சட்டம் இல்லை என்றால் நான் மண்டையைக் குடைந்து உருவாக்கிய மாடலை மறுநாளே பக்கத்துக் கடைக்காரன் திருடிவிடுவான். அப்புறம் எவன் புதிதாக யோசிப்பான்? சேலத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நீங்கள்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

21 அக்டோபர் 2024

திருட்டு என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. எங்கள் பட்டறையில் சாயங்காலம் எடை போடும்போது பத்து கிராம் வெள்ளி குறைந்தால் யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. தரையைக் கூட்டுவோம், தூளை அரிப்போம், உட்கார்ந்திருந்த பாயை உதறுவோம். திருட்டு பயம் என்றால் அதுதான். என் மாடலைப் பார்த்து இன்னொருவன் செய்தால் என் தராசில் எடை குறைவதில்லை. கோபம் வரும். அது வேறு.

அமெரிக்க அரசின்மைவாதிகள் இதை நூறு வருடத்துக்கு முன்பே அலசிவிட்டார்கள். பெஞ்சமின் டக்கர் 1881 முதல் 1908 வரை 'லிபர்ட்டி' என்ற பத்திரிகையை நடத்தியவர். உழைப்பவன் கையில் காசு தங்காததற்கு அவர் நாலு ஏகபோகங்களைக் காட்டினார்: பணம், நிலம், சுங்க வரி, காப்புரிமை. நாலையும் அரசுதான் முட்டுக்கொடுத்து நிறுத்தி வைத்திருக்கிறது, அந்த முட்டுகளை எடுத்துவிட்டால் போட்டியே அவற்றைக் கரைத்துவிடும் என்பது அவர் வாதம். சந்தையை முழுதாகத் திறந்தால் லாபம் முதலாளிக்கு அல்ல, கூலிக்காரனுக்குத்தான் என்று நம்பினார். அதனால் சந்தையைப் பேசிக்கொண்டே தன்னை சோஷலிஸ்ட் என்றும் சொல்லிக்கொண்டார். முதன்முதலில் படித்தபோது எனக்குத் தலை சுற்றியது.

அதே முகாமில் லைசாண்டர் ஸ்பூனர் நேர் எதிர். 1844-ல் அரசு தபாலுக்குப் போட்டியாகச் சொந்தமாகத் தபால் கம்பெனி தொடங்கிக் குறைந்த கட்டணத்தில் கடிதம் சுமந்தவர். வழக்கு மேல் வழக்குப் போட்டு மூட வைத்தார்கள், ஆனால் அரசு தபால் கட்டணமும் இறங்கியது. இப்படிப்பட்ட மனிதர் 1855-ல் எழுதினார்: யோசனையும் சொத்துதான், அதற்குக் காலக்கெடுவே கூடாது, என்றைக்கும் அது கண்டுபிடித்தவனுக்கே. டக்கர் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆக, அரசு வேண்டாம் என்பவர்களே இந்தக் கேள்வியில் ஒரே அணி இல்லை. நான் டக்கர் பக்கம்.

22 அக்டோபர் 2024

'அராஜகம்' என்று எழுதாமல் ஏன் 'அரசின்மை' என்கிறேன் என்று கேட்டிருக்கிறார்கள். நம் ஊரில் பேருந்துக் கண்ணாடியை உடைத்தால் அராஜகம். வட்டிக்காரன் வீட்டு வாசலில் நின்று கத்தினால் அராஜகம். நான் பேசுவது அதைப் பற்றி அல்ல. ஆள்பவன் இல்லாமல் மனிதர்கள் தங்களுக்குள் ஒழுங்கு வைத்துக்கொள்வதைப் பற்றி. சொல் பிடிக்காவிட்டால் வேறு சொல் கொடுங்கள், எடுத்துக்கொள்கிறேன்.

25 அக்டோபர் 2024

சட்டப் பாதுகாப்பு இல்லாமல் புதிது வருமா? வந்திருக்கிறது.

நீராவி இன்ஜினுக்கு ஜேம்ஸ் வாட் 1769-ல் காப்புரிமை வாங்கினார். 1775-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அதை 1800 வரை நீட்டிக் கொடுத்தது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கக்காரர்கள் தண்ணீர் இறைக்க அந்த இன்ஜினை வைத்து, மிச்சமாகும் கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை வாட் கம்பெனிக்குக் கட்டிவந்தார்கள். ஹார்ன்ப்ளோவர் என்ற உள்ளூர்ப் பொறியாளர் இரண்டு சிலிண்டர் வைத்து ஒரு படி மேலே போனார். வாட்டின் உரிமை அவரை முடக்கிவிட்டது.

1800-ல் கெடு முடிந்தது. 1811-லிருந்து கார்ன்வால்காரர்கள் ஒரு வேலை செய்தார்கள். எந்தச் சுரங்கத்து இன்ஜின், யார் கட்டியது, எவ்வளவு கரி தின்றது, எவ்வளவு தண்ணீர் தூக்கியது என்று மாதாமாதம் அச்சடித்து எல்லோருக்கும் காட்டினார்கள். ரிச்சர்ட் ட்ரெவிதிக் 1812-ல் வடிவமைத்த உயரழுத்த இன்ஜினுக்குக் காப்புரிமையே வாங்கவில்லை. ஒருவர் செய்ததைப் பார்த்து அடுத்தவர் திருத்தினார். முப்பது சொச்சம் வருடத்தில் அதே கரிக்கு மூன்று மடங்குக்கு மேல் தண்ணீர் ஏறியது.

எங்கள் தெருவில் மாதப் பத்திரிகை கிடையாது. டீக்கடை உண்டு. எந்தப் பட்டறையில் புது அச்சு இறங்கியிருக்கிறது, யார் கொக்கியை மாற்றினார் என்பதெல்லாம் சாயங்காலம் டீ ஆறுவதற்குள் தெரிந்துவிடும்.

3 நவம்பர் 2024

தீபாவளி லீவு. நாளைதான் பட்டறை திறக்கும். அப்பா கதையை எழுதிவிடுகிறேன்.

எங்களுடையது அம்மாப்பேட்டை நெசவுக் குடும்பம். தறியில் வந்தது வயிற்றுக்குப் போதவில்லை. பதினாலு வயதில் அப்பாவை செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பத்தர் பட்டறையில் எடுபிடியாகச் சேர்த்துவிட்டார்கள். டீ வாங்கிவர, அடுப்புக்கு ஊத, தரை கூட்ட. ஒரு வருடம் கழித்து அந்தப் பத்தர் தானாகவே அப்பாவைக் கூப்பிட்டுப் பற்றவைக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார். அவர் சொந்தக்காரர்கள் வந்து சத்தம் போட்டார்களாம், நம் தொழிலை வெளியே விடுகிறாயே என்று. "கை வந்தவன் கத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்த்தாராம். இதைச் சொல்லும்போது அப்பாவுக்கு இன்றைக்கும் குரல் மாறும்.

மேல்நாட்டு அரசின்மைவாதிகளைப் படிக்கும்போது எனக்கு உறுத்துவது இதுதான். லைசென்ஸ், வரி, காப்புரிமை என்று அரசு போடும் பூட்டுகளை எல்லாம் எண்ணுகிறார்கள். நமக்கு முதல் பூட்டைப் போட்டது அரசாங்கம் இல்லை, சாதி. யார் பொன் வெள்ளியைத் தொடலாம், யார் தறியில் உட்கார வேண்டும், யார் தோல் உரிக்க வேண்டும் என்று எந்தக் கெஜட்டும் அறிவிக்காமலே நடந்தது. சாதி என்பது வேலைப் பிரிவினை அல்ல, வேலை செய்பவர்களைப் பிரித்து வைப்பது என்று அம்பேத்கர் 1936-ல் எழுதியதைப் படித்தபோது அப்பாவின் பத்தர்தான் நினைவுக்கு வந்தார். நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது 1944-ல், இதே சேலத்தில் நடந்த மாநாட்டில். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு சாதியைப் பேசாமல் சுதந்திரத்தைப் பேச எனக்கு வாய் வரவில்லை.

சரி, மாடல் கதைக்கு வருகிறேன். தனிப் பட்டறை போட்ட பிறகு அப்பா ஒரு கொலுசு செய்தார். மாங்காய்ப் பிஞ்சு வரிசை, இரண்டு பிஞ்சுக்கு நடுவில் இரட்டைச் சலங்கை, நடந்தால் சத்தம் பெரிதாக வராமல் மெல்லக் கிணுகிணுக்கும். பன்னிரண்டு நாளில் கடைவீதியில் அதே மாடல் வேறு கையால் செய்யப்பட்டுத் தொங்கியது. அப்பா அன்று சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் போய் காசு கொடுத்து அந்தக் கொலுசில் ஒரு ஜோடி வாங்கிவந்தார். புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அவர்கள் கொக்கியின் உள்பக்கத்தைத் தட்டையாக அடித்திருந்தார்கள், சேலைக் கரையில் மாட்டாது. எங்களுடையது மாட்டும். அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் எல்லாக் கொலுசுக்கும் தட்டைக் கொக்கிதான்.

வாசகருக்கு என் பதில் இதுதான். நகல் எடுத்தவன் அப்பாவுக்குக் கொக்கியைக் கொடுத்துவிட்டுப் போனான்.

4 நவம்பர் 2024

நேற்று விட்டுப்போனது ஒன்று. ரஷ்ய அரசின்மைவாதி க்ரோபோட்கின் 1872-ல் சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைக்குப் போய்க் கடிகாரத் தொழிலாளர்களோடு ஒரு வாரம் போலத் தங்கினார். சின்னச் சின்னப் பட்டறை, பாதிப் பேர் வீட்டிலேயே வேலை, கை வேலை செய்ய வாய் உலக விஷயம் பேசும். மேஸ்திரி இல்லாமலே அத்தனை நுணுக்கமான வேலை நடப்பதைப் பார்த்துவிட்டு மலையிறங்கியபோது தன் கொள்கை முடிவாகிவிட்டதாக எழுதினார். சேலத்தில் கொலுசு செய்யும் சிவதாபுரத்திலும் பனங்காட்டிலும் ஒரு சாயங்காலம் நடந்து பாருங்கள், வீட்டுத் திண்ணைகளில் அதே காட்சி கிடைக்கும்.

ஆனால் அந்த ஜூரா கைவேலைக்கு என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். 1876 பிலடெல்பியா கண்காட்சியில் அமெரிக்கத் தொழிற்சாலைக் கடிகாரங்களைப் பார்த்து சுவிஸ்காரர்கள் அரண்டுபோனார்கள். பிறகு அங்கும் ஆலைகள் எழுந்தன. எங்களுக்கு ராஜ்கோட், ஆக்ரா மிஷின் சரக்கு அதே மாதிரி.

9 நவம்பர் 2024

3-ம் தேதி எழுதியதை அக்கா படித்துவிட்டு போன் செய்தாள். எங்கள் பட்டறைக் கணக்கு அவளுடையது. திட்டவில்லை, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அந்த மாங்காய்ப் பிஞ்சுல அப்பாவுக்கு எவ்வளவு கிடைச்சுது?"

எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரியும். வழக்கமான கிலோ கூலி. அதற்கு மேல் ஒரு பைசா இல்லை.

நகல் எடுத்தது இன்னொரு பட்டறைக்காரர் இல்லையாம். வெள்ளி கொடுத்து வேலை வாங்கும் வியாபாரிதான் அப்பாவின் முதல் ஜோடியை மற்ற ஐந்து பட்டறைகளுக்கு மாதிரியாகக் கொடுத்திருக்கிறார். ஐந்து பட்டறைக்கும் கூலி. புது மாடலுக்குக் கடையில் கிடைத்த கூடுதல் விலை முழுக்க அவருக்கு. நான் இத்தனை வருடம் கொக்கிக் கதையை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன், ஏனென்றால் அப்பா எனக்குச் சொன்னது அவ்வளவுதான்.

அக்கா மேலும் சொன்னாள். "மாடலைப் பார்த்துச் செய்யலாம்னு எழுதியிருக்கியே, அந்தச் சுதந்திரம் அப்பாவுக்கு இருந்துச்சா? ஊரில் நல்லா ஓடுற மாடலைப் பார்த்து அவரால செய்ய முடிஞ்சுதா? அவர்கிட்ட வெள்ளியே இல்லையேடா." உண்மை. வெள்ளி வியாபாரியுடையது, என்ன மாடல் என்பதும் அவர் சொல்வது. வெள்ளி எடை போட்டு வரும், கொலுசு எடை போட்டுப் போகும், சேதாரம் கழித்துக் கூலி. அப்பாவின் யோசனையும் அந்த எடையோடு சேர்ந்து போய்விட்டது.

21-ம் தேதி எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். மாடலைப் பார்த்துச் செய்வது திருட்டில்லை என்பதில் இன்னும் நிற்கிறேன். அதில் யாருக்கும் நஷ்டமில்லை என்ற மாதிரி எழுதியது தப்பு.

10 நவம்பர் 2024

ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்படியானால் சட்டம்தான் வழியா? இந்தியாவில் 2000-ம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம் இருக்கிறது. புது வடிவத்தைப் பதிவு செய்தால் 10 வருடம் உரிமை, இன்னும் 5 வருடம் நீட்டிக்கலாம். அப்பாவுக்கு அது உதவியிருக்குமா என்று கடைசி வரை யோசித்துப் பார்த்தேன். வெளியில் காட்டுவதற்கு முன்பே பதிய வேண்டும். வியாபாரியின் வெள்ளியில்தான் முதல் ஜோடியே செய்ய முடியும், ஆகவே அவருக்குக் காட்டாமல் மாடலே பிறக்காது. அதை எப்படியோ தாண்டினாலும், யார் மேல் வழக்குப் போடுவது? வெள்ளியோடு முன்பணமும் கொடுத்த வியாபாரி மேலா? அந்தப் பணம் கழுத்தில் இருக்கும்வரை வேறு வியாபாரியிடம்கூடப் போக முடியாது. சட்டம் அப்பாவின் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்திருக்கும். வியாபாரியின் கையில் இருந்தது வெள்ளி.

டக்கர் நாலு ஏகபோகங்களில் முதலில் வைத்தது பணத்தை. நான் நேராக நாலாவதுக்குத் தாவிவிட்டேன்.

பிரெஞ்சு அரசின்மைவாதி புரூதோன் இதைப் புரிந்துவைத்திருந்தார். அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்த்தவர், கூலி என்றால் என்னவென்று தெரிந்தவர். சொத்து என்பது திருட்டு என்று 1840-ல் எழுதினார். அதே ஆள் பிற்காலத்தில் சொத்து என்பது சுதந்திரம் என்றும் எழுதினார். முரண்பாடு என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வியாபாரியின் பெட்டியில் இருக்கும் வெள்ளி அப்பாவைக் கட்டிப்போட்டது. அப்பாவின் பெட்டியில் ஒரு கிலோ இருந்திருந்தால் அது அவரை அவிழ்த்துவிட்டிருக்கும். வெள்ளி என்னவோ ஒன்றுதான். 1849-ல் புரூதோன் மக்கள் வங்கி என்று தொடங்கினார், வட்டி ஏறக்குறைய இல்லாத கடன் தருவதற்கு. வேலை ஆரம்பிக்கும் முன்பே அவருக்குச் சிறைத் தண்டனை விழுந்தது, வங்கியைக் கலைத்துவிட்டார்.

அப்புறம் அமெரிக்க அரசின்மைவாதி ஜோசையா வாரன். 1827-ல் அங்கே சின்சினாட்டி நகரில் ஒரு கடை போட்டார். சுவரில் கடிகாரம். சரக்கின் அடக்க விலையும் ஒரு சின்னச் செலவுத் தொகையும் காசாகக் கொடுக்க வேண்டும். கடைக்காரர் உங்களுக்காகச் செலவழித்த நேரத்துக்கு, அதே நேரம் உங்கள் வேலையைத் தருவதாகச் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்று வருடம் நடத்தி, சோதனை வெற்றி என்று சொல்லித் தானே மூடினார்.

அந்தக் கடிகாரத்தை எங்கள் பட்டறைச் சுவரில் மாட்டிப் பார்க்கிறேன். எங்களுக்குக் கூலி கிலோவுக்கு. நுணுக்கமான வேலை என்றால் எடை குறையும், நேரம் கூடும். மாடலுக்குத் தகுந்தபடி கூலி கொஞ்சம் ஏறும், நேரத்துக்குத் தகுந்தபடி ஏறாது. பட்டையான கனமான கொலுசு செய்பவன் வீட்டில் அடுப்பு எரியும், மாங்காய்ப் பிஞ்சு செய்பவன் ராத்திரி பதினொரு மணிக்கும் ஊதிக்கொண்டிருப்பான். புதிதாக யோசிக்க ஆள் இல்லாமல் போவது நகல் எடுப்பவனால் என்றுதான் வாசகர் நினைக்கிறார். எனக்குத் தெரிந்து எங்கள் தெருவில் நாலு பேர் யோசிப்பதை நிறுத்தியது இந்தக் கிலோ கணக்கால்.

17 நவம்பர் 2024

ராஜாஜியைப் பற்றி ஏன் ஒரு வார்த்தை இல்லை என்று கேட்டிருக்கிறார்கள். நியாயம். சேலத்தில் வக்கீலாக இருந்து 1917-ல் நகராட்சித் தலைவர் ஆனவர். 1959-ல் சுதந்திராக் கட்சி தொடங்கியவர். 'லைசென்ஸ் பெர்மிட் ராஜ்' என்ற சொல்லை நாடெங்கும் பிரபலமாக்கியவர். 1952-ல் முதல்வராகி உணவு தானியக் கட்டுப்பாட்டை எடுத்தார். சந்தைக்காரர்கள் அவரை உரிமை கொண்டாடுவதில் ஆச்சரியமில்லை.

அதே மனிதர்தான் 1937 அக்டோபர் 1-ல் இந்தச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அதில் போன வருமானத்துக்காக 1939-ல் விற்பனை வரி வந்தது. வேட்டி சேலையைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று மத்திய அரசோடு வாதாடினார். 1953-ல் அரைநாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்ற திட்டம். குலக்கல்வி என்று பெயர் வாங்கி, 1954-ல் அவர் பதவி போன பின் அதுவும் போனது.

என் தாத்தாவுக்கு ராஜாஜி மேல் இரண்டும் இருந்தது. கைத்தறி விஷயத்தில் மரியாதை, பள்ளி விஷயத்தில் ஆறாத கோபம். வேட்டி சேலையை ஒதுக்குவதும் சட்டம் போட்டுக் கொடுக்கும் ஏகபோகம்தான், கொள்கைப்படி நான் எதிர்க்க வேண்டும். தறிச் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவன் நான், எதிர்த்து எழுதக் கை வரவில்லை. இதைப் பிறகு யோசிக்கிறேன். பள்ளித் திட்டத்தில் மட்டும் எனக்குக் குழப்பமே கிடையாது. பத்தர் அப்பாவுக்குத் திறந்த கதவை அது சாத்தியிருக்கும்.

18 நவம்பர் 2024

சந்தைச் சுதந்திரத்தை வலியுறுத்திய பொருளியலாளர் ஹாயெக் பற்றிக் கேட்ட தம்பிக்கு. 1945 கட்டுரையில் அவர் தகரத்தை உதாரணமாக எடுத்தார்: எங்கோ தகரத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் காரணம் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை, விலை ஏறும், எல்லோரும் சிக்கனமாகிவிடுவார்கள். சரியான பார்வை. 2024 ஜூலை பட்ஜெட்டில் வெள்ளி இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 ஆனது. அன்றைக்கே விலை சரிந்தது. கையில் சரக்கு வைத்திருந்தவன் அடிபட்டான். 2024 அக்டோபரில் மறுபடி கிலோ லட்ச ரூபாய் பக்கம் போனது. விலை எல்லோரிடமும் பேசுகிறது, ஒப்புக்கொள்கிறேன். கேட்டதும் வாங்கவோ விற்கவோ கையில் ஏதாவது இருப்பவனுக்குத்தான் அந்தப் பேச்சால் பிரயோஜனம்.

4 டிசம்பர் 2024

நாலு நாளாக மழை. புயல் கரையைக் கடந்த பிறகும் சேர்வராயன் மலையில் கொட்டித் தீர்த்தது. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றுவிட்டது. மேலே மூன்று ஏக்கர் காபி வைத்திருக்கும், நான் அண்ணன் என்று கூப்பிடும் ஒருவருக்கு (கூடப் பிறந்தவர் அல்ல) நேற்றுதான் போன் கிடைத்தது. பழம் பறிக்கும் நேரம். பழுத்தது வெடித்து உதிர்ந்துவிட்டதாம், பறித்து வைத்தது களத்தில் காய வழியில்லாமல் புளிக்கிறதாம். ஊருக்குள் போகும் பாதையில் விழுந்த மண்ணை முப்பது பேர் மண்வெட்டியோடு போய்த் தள்ளியிருக்கிறார்கள்.

பரஸ்பர உதவியைப் பற்றி 1902-ல் க்ரோபோட்கின் ஒரு புத்தகமே எழுதினார், உயிர்கள் போட்டியால் மட்டும் பிழைக்கவில்லை என்று. அதை அண்ணனிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர், "நாங்கதான் வெட்டணும், வேற யாரு வருவா?" என்றார். சொல்லவில்லை. ஆள் வராமல் கைவிடப்படுவதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

அண்ணனின் காபியைப் பற்றி வெகுநாளாக எழுத நினைத்திருந்தேன். சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820-களில் ஏற்காட்டில் காபி நட்டதிலிருந்து வந்த தொழில் அது. போர்க் காலத்தில், 1940 தொடங்கி, விளைந்த காபி முழுவதும் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்குப் போக வேண்டும் என்று விதி வந்தது. எல்லாத் தோட்டத்துச் சரக்கும் ஒன்றாகச் சேரும், தரப்படி புள்ளி போடுவார்கள், பணம் தவணை தவணையாக வரும். தான் விளைவித்ததைத் தானே ஆள் பார்த்து விற்க முடியாது. இது ஐம்பது வருடத்துக்கு மேல் நடந்தது. 1992-ல் ஒரு பங்கை வெளியில் விற்கலாம் என்றார்கள், 1994-ல் சிறு விவசாயிகளுக்கு முழு விடுதலை, 1996-ல் எல்லோருக்கும்.

விடுதலைக்குப் பிறகு அண்ணனின் அப்பா செய்த முதல் காரியம் எனக்குப் பிடித்தமானது. பழுத்ததை மட்டும் தனியே பறிக்க ஆரம்பித்தார். ஒரே நாளில் பல்ப்பரில் தோலெடுத்து, கழுவி, தரையில் இல்லாமல் வலைப் பரணில் காயவைத்தார். மொத்தத்தில் கலந்துவிடும் என்றிருந்தபோது அவருக்கு அந்த எண்ணமே வந்ததில்லையாம். வாங்குபவர் முகம் தெரிந்த பிறகு கை தானாக வேறு மாதிரி வேலை செய்தது. என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

11 டிசம்பர் 2024

மேலே எழுதியதில் ஒரு பக்கம்தான் இருக்கிறது, அண்ணனே திருத்தினார். அந்தத் தொகுப்பு சும்மா வரவில்லை. போரில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டுக் காபி விலை பாதாளத்துக்குப் போனபோது தோட்டக்காரர்களைத் தூக்கி நிறுத்த வந்தது. விடுதலைக்குப் பிறகு பிரேசில் பனியால் 1994-ல் விலை எகிறியது, எல்லோரும் சந்தையைப் புகழ்ந்தார்கள். 2000-லிருந்து 2002 வரை விலை பறிகூலிக்கே கட்டாத அளவுக்கு விழுந்தபோது அதே வாய்கள் பழைய தொகுப்பை நினைத்து ஏங்கின. இந்த 2024 டிசம்பரில் உலகச் சந்தையில் அரபிகா காபி விலை 1977 உச்சத்தையும் தாண்டியது. அண்ணனின் பழம் மண்ணில் கிடக்கிறது.

அவரிடம் நேராகக் கேட்டேன், மறுபடி தொகுப்பு வந்தால் போவீர்களா? "நானா போறதா இருந்தா போவேன். போயே ஆகணும்னா போகமாட்டேன்" என்றார். நான் பக்கம் பக்கமாக எழுதித் தேடிக்கொண்டிருந்ததை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். விலகும் வழி இருக்கிறதா? வாரியமோ வியாபாரியோ, இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

15 டிசம்பர் 2024

இன்னும் ஒரு நண்பர்: கொலுசு, காபி சரி, எழுத்து? கதை கவிதைக்கு உரிமை வேண்டாமா?

நம் தமிழில் இதற்கு ஒரு விசித்திரமான வழி உண்டு. பாரதி 1921-ல் இறந்தார். அவர் பாட்டுகளின் உரிமை கை மாறிக்கொண்டே இருந்தது, சினிமாவில் பாட வேண்டுமானால் ஒரு பட முதலாளியிடம் போக வேண்டிய நிலை. 1949-ல் சென்னை மாகாண அரசு உரிமையைத் தன் கைக்குக் கொண்டுவந்தது, 1955-ல் மக்கள் எல்லோருக்கும் பொதுவாக்கியது. அதற்குப் பிறகு எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்களைக் குடும்பத்துக்குத் தொகை கொடுத்துவிட்டு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறார்கள். அரசு தன் பணத்தைக் கொடுத்து ஒரு ஏகபோகத்தைக் கலைக்கிறது. டக்கரை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தால் என்ன சொல்வார் என்று எனக்குப் பிடிபடவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது. அன்றிலிருந்தே யார் வேண்டுமானாலும் பாரதியை மலிவாக அச்சிட்டு விற்க முடிந்தது அதனால்தான்.

பாரதி என்றதும் எம்.பி.டி. ஆச்சார்யா நினைவு வருகிறது. சென்னையில் 1887-ல் பிறந்தவர், பாரதி ஆசிரியராக இருந்த 'இந்தியா' பத்திரிகையோடு தொடர்புள்ளவர். 1920-ல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கியவர்களில் ஒருவர். பிறகு கட்சியை உதறி அரசின்மைவாதியாகி, 1954-ல் பம்பாயில் வறுமையில் இறந்தார். நம்மில் ஒருவர் இந்த எண்ணத்துக்காக வாழ்நாளைக் கொடுத்திருக்கிறார், சேலத்தில் நான் கேட்ட பத்துப் பேரில் ஒருவருக்கும் பெயர் தெரியவில்லை. எனக்கே நாற்பது வயதில்தான் தெரிந்தது. வருத்தமாக இருக்கிறது.

29 டிசம்பர் 2024

அக்காவின் கேள்விக்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை. பக்கத்துப் பட்டறைகள் மூன்றோடு பேசினேன். நாலு வீடும் சேர்ந்து, சீட்டுப் பணமும் கையிருப்பும் போட்டு ஒரு கிலோ வெள்ளி வாங்கியிருக்கிறோம். எழுதிவைத்தது ஒரு நோட்டில், அக்கா கையெழுத்தில். இந்த வெள்ளி முறை வைத்து ஒவ்வொரு பட்டறைக்கும் இரண்டு வாரம். என்ன மாடல் என்பது அந்தப் பட்டறையின் இஷ்டம். விற்றதும் முதலில் எடைக்கு எடை வெள்ளி திரும்ப வைக்க வேண்டும், மிச்சம் செய்தவனுக்கு. யார் மாடலை யார் வேண்டுமானாலும் செய்யலாம், முதலில் செய்தவனுக்குக் கொஞ்ச காலம் விட்ட பிறகு. இந்தக் கடைசி விதிக்குத்தான் மூன்று சாயங்காலம் சண்டை. இரண்டு வாரம் போதாது, ஒரு மாதம் வேண்டும் என்றார் ஒருவர். கடைசியில் வெள்ளி முறை இரண்டு வாரம், மாடலுக்கு மட்டும் ஒரு மாதம் என்று முடிந்தது.

ஆமாம், அது ஒரு சின்னக் காப்புரிமைதான். நாலு பேர் உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டது, பிடிக்காதவர் தன் பங்கு வெள்ளியை எடுத்துக்கொண்டு போகலாம். வாசகர் முதலில் கேட்டதில் நியாயம் இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

வியாபாரிகளின் வேலையை யாரும் விடவில்லை, விட முடியாது. முன்பணம் எல்லோருக்கும் பாக்கி இருக்கிறது. ஒரு கிலோ என்பது எங்கள் நாலு பட்டறைக்கு சில நாள் வேலைதான்.

முதல் முறை எங்களுக்கு விழுந்தது. அப்பாவுக்கு இப்போது கை லேசாக நடுங்குகிறது, பற்றவைப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். மாங்காய்ப் பிஞ்சையே மறுபடி செய்யலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். பழைய நோட்டு ஒன்றில் பென்சிலால் போட்டுவைத்திருந்த ஒரு படத்தை எடுத்தார், நெல்மணி வரிசை, சலங்கையே இல்லை. எந்த வருடம் போட்டது என்று கேட்டேன். நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தபோதாம்.

பொங்கலுக்குள் எட்டு ஜோடி முடியும்.